கப்பலிலிருந்து சூடேற்றிய சவுனா

"நைட் டியூட்டி முடிச்சு வந்து, தூங்கி எழுந்ததும் சவுனாவுல வெச்சு எல்லாத்தையும் சொல்றேம்மா" என்று ஈரிஸ் சொன்னதிலிருந்து கிர்சிக்கு ஒரு வாய் காபிகூட நிம்மதியாக இறங்கவில்லை.

இரண்டு பெட்டிகளோடு ஒரு மழைநாளில் வாசலில் வந்து நின்ற மகள். வடக்கே ஊலு நகரத்து வேலையை விட்டுவிட்டாள், அங்கே கூட வாழ்ந்த மிஸ்காவையும் விட்டுவிட்டாள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. இங்கே துர்க்கு நகரத்து ஆஸ்பத்திரியில் இரவு நேர நர்ஸ் வேலை கிடைத்தது. விடிந்து வீட்டுக்கு வந்ததும் காதை அடைத்துக்கொண்டு, செல்லை அணைத்துவிட்டுப் படுத்தால் பிற்பகல்வரை அசைய மாட்டாள்.

அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சே இல்லை. "இருபத்தாறு வயசுல திரும்பி வந்து சின்ன ரூம்ல ஒண்டிக்கிட்டா எப்படி?" என்று ஆர்ட்டோ போன வாரம் வாயை விட்டதை ஈரிஸ் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படியான பேச்சும் இல்லை அது.

கிர்சி கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்கிற வழக்கம் இல்லை. பெரிய விஷயங்களுக்கெல்லாம் சவுனா, அந்த நீராவிக் குளியல் அறை, இருக்கிறது. மரப்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், அடுப்பின்மேல் காய்ந்த கல்லில் ஒரு கரண்டி தண்ணீரை வீசினால் எழும்புகிற ஆவியில்தான் இந்த ஊர்க்காரர்களுக்கு வாய் திறக்கும். ஆர்ட்டோவைக் கட்டிக்கொள்ளப் போவதைக் கிர்சி சொன்னதும் அங்கேதான். அவளுடைய தாய் தனக்கு வந்த நோயைச் சொன்னதும் அங்கேதான்.

அப்படிப்பட்ட நாளில் கிர்சி எங்கே இருக்க வேண்டும்? வீட்டில். எங்கே இருக்கிறாள்? ஸ்டாக்ஹோம் போகும் கப்பலில், ஒரு பெட்டி அவளைத் துரத்திக்கொண்டு வர, காபிக் கடைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறாள்.

நிஜமாகவே துரத்துகிறது. அது ஆர்ட்டோவின் புதுப் பெட்டி. சக்கரமும் மோட்டாரும் கேமராவும் வைத்தது. யார் கையில் பட்டை கட்டியிருக்கிறதோ அவர் பின்னாலேயே வரும். பட்டை இன்று கிர்சியின் கையில்.

"வீட்டுக்கு ஆகுமா, வழிக்கு ஆகுமா?" இதுதான் வாரம்தோறும் ஆர்ட்டோ பத்திரிகையில் எழுதும் பகுதியின் தலைப்பு. சந்தைக்குப் புதிதாக வரும் சாமான்களையெல்லாம் வாங்கி வீட்டில் வைத்துப் பார்ப்பான். பயணத்திலும் வைத்துப் பார்ப்பான். கட்டுரையில் "சாதாரண உபயோகிப்பாளர் ஒருவர் சிரமப்பட்டார்" என்று வந்தால் அந்தச் சாதாரணம் கிர்சிதான் என்பது தெருவுக்கே தெரியும்.

"கொஞ்சம் வேகமா நடயேன். பின்னாடி வருதான்னு பார்க்கணும்."

"வரும், வரும். உன்ன மாதிரிதான் இதுவும். ஒரு படி வந்தா நின்னுடும்."

சொல்லி வாய் மூடவில்லை. தளத்துக் கதவின் உயரமான நிலைப்படியில் பெட்டி முட்டிக்கொண்டு நின்றது. பின்வாங்கி மறுபடி வந்து முட்டியது. கிர்சி குனிந்து இரண்டு கைகளாலும் தூக்கி இந்தப் பக்கம் வைத்தாள். சாதாரணப் பெட்டியைவிட இரண்டு மடங்கு கனம்.

"கப்பலுக்கு ஆகாது" என்று ஆர்ட்டோ ஆனந்தமாகக் குறித்துக்கொண்டான்.

வீட்டு விஷயமும் இதே லட்சணம்தான். வாசல் கதவில் விரல் வைத்தால் திறக்கிற பூட்டு. அதைப் போட்ட நாளிலிருந்து, அடுக்குமாடிப் பராமரிப்புக்காரர்களிடம் எல்லா வீட்டுக்கும் இருக்கிற பொதுச்சாவி அவர்கள் வீட்டுக்கு மட்டும் சேராது. பக்கத்தில் கேமரா வைத்த வாசல்மணி. அதன் பட்டனை அமுக்கிவிட்டு நின்று பேசலாம், பேசியது அப்படியே ஆர்ட்டோவின் செல்லுக்குப் போய்விடும், போனதும் பச்சை விளக்கு எரியும். ஈரிஸ் வந்த அன்றே அவளிடம் பெருமையாகக் காட்டினான். "நாங்க வெளிய போயிருந்தா இதுகிட்ட சொல்லிட்டுப் போ. எங்ககிட்ட சொன்ன மாதிரி."

ஆனால் அந்த மணியால் சென்ற வாரம் குடியிருப்போர் சங்கத்தில் ரகளையே வெடித்தது. மாடிப்படியில் தான் பேசுவதையெல்லாம் அது பதிவு செய்கிறது என்று கீழ்வீட்டு ஹன்னலே எழுந்து நின்று கத்தினாள். அக்கம்பக்கத்தில் முகம் கொடுத்து வாழ வேண்டுமே என்று, அன்றைக்கே கிர்சி தன் கையாலேயே பேச்சுப் பதிவை அணைத்துவிட்டாள். படம் மட்டும் வரும். இதைப்போய் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்க?

வழியில் மரியஹாமன் தீவுத் துறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கப்பல் மறுபடி கிளம்பியது. தீவுகள் குறைந்து, பிறகு ஒன்றுமில்லாமல் போயின. இருவரும் சால்மன் சூப்போடு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். ஆர்ட்டோவின் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

"என்ன, தானா சிரிக்கிற?"

"ஒரு காரியம் பண்ணிட்டேன். துறையில நின்னப்போ, டவர் கிடைச்சுதில்ல? செல்லுலயே நம்ம சவுனாவோட கரண்ட் அடுப்பப் போட்டு விட்டுட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? அவ எழுந்திருக்கிறப்போ சூடா இருக்கட்டும்னுதான். ராத்திரி பூரா நின்னுட்டு வந்து படுத்திருக்கு பொண்ணு." சூப்பைக் கலக்கினான். "எனக்கு சாரின்னு சொல்ல வராது, கிர்சி. உனக்குத் தெரியும். சரி, அப்பா சவுனா போட்டு வெச்சிருக்கான்னு தெரிஞ்சா அவளே புரிஞ்சுப்பா."

கிர்சிக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. எத்தனையோ வருடம் கழித்து இந்த மனுஷனுக்கு ஒரு நல்ல புத்தி வந்திருக்கிறது என்று நினைத்தாள். கையை நீட்டி அவன் கையைத் தொடக்கூடப் போனாள்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கரண்டி சூப்புக்குள் விழுந்தது.

"ஆர்ட்டோ, போர்வை."

"என்ன போர்வை?"

"அவளோட இறகுப் போர்வை. காலையில துவைச்சேன். சவுனாவுலதான் காயப்போட்டேன்."

"சவுனாவுல எங்க?"

"எங்கன்னா? துணி ஸ்டாண்டத் தூக்கி அடுப்பு மேல வெச்சு, அது மேல."

ஆர்ட்டோவின் முகத்தில் ஈயாடவில்லை.

ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போட வேறு இடம் ஏது? குளிக்கிற சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் சவுனா துணிக்கொடிதான், சாமான் அறைதான். குளிக்கப் போகிறவன் உள்ளே போய், துணியை எடுத்துவிட்டு, அடுப்பைப் போடுவான். உள்ளே போகாமலே அடுப்பைப் போட முடியும் என்பது இந்த வருடம் வந்த வசதி.

"அதுக்குத்தான் பாதுகாப்பு வெச்சிருக்கானே?" கிர்சியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "உள்ள போய்ப் பார்த்துட்டு ஒரு பட்டன அமுக்கினாத்தான் செல்லுலேர்ந்து வேலை செய்யும்னு சொன்ன. நீ அமுக்கல இல்ல? அப்ப எரியாது. எரியாதுதானே?"

"அந்தப் பட்டன…" ஆர்ட்டோ கரண்டியைக் கீழே வைத்தான். "ஒவ்வொரு தடவையும் உள்ள போய் அமுக்கணும்னா அப்புறம் எதுக்கு செல்லு? அதான் அமுக்கினபடியே டேப் போட்டு ஒட்டிட்டேன். கட்டுரையில எழுதியிருந்தேனே, நீ படிக்கலயா?"

அவள் படிக்கவில்லை. இப்போது அவனை அடிக்கலாம் போலிருந்தது.

"அணை. உடனே அணை."

அவன் அதற்குள் செல்லை எடுத்துவிட்டிருந்தான். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கரை என்ற பேச்சே இல்லை. டவர் இல்லை. கப்பலின் வைஃபையைப் பிடித்தான். ஆப் திறந்தது. திறந்து, "புதிய இடத்திலிருந்து வருகிறீர்கள். உங்கள் எண்ணுக்கு அனுப்பிய ரகசியக் குறியீட்டைத் தாருங்கள்" என்றது. டவர் இல்லாத எண்ணுக்குக் குறியீடு எங்கிருந்து வரும்?

"திருட்டுப் பசங்க யாரும் நம்ம சவுனாவப் போட்டுடக் கூடாதுன்னு பண்ணியிருக்கான்" என்றான் ஆர்ட்டோ. அழுகிற குரலில் சொன்னான்.

"புகை அலாரம்? அது கத்துமே. அது கத்தினா எழுந்துடுவா."

அவன் செல்லையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஆர்ட்டோ!"

"பழச கழட்டிட்டேன். ரொட்டி வாட்டினாலே கூப்பாடு போடுதுன்னு நீதானே திட்டின? புதுசு உடனே கத்தாது. வீட்டுல இருக்கிறவங்களப் பதற வைக்காம, முதல்ல செல்லுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். நாம பார்த்துட்டுச் சொன்னாத்தான் கத்தும்."

கிர்சி எழுந்துவிட்டாள். காதை அடைத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை. அவளுடைய சின்ன அறைக்கும் சவுனாவுக்கும் நடுவே ஒரு குளியலறைச் சுவர்தான். கதவை வெளியிலிருந்து திறக்க ஆளில்லை. எல்லாம் தானாக நடக்கும் வீட்டில், நடக்கிறதை நிறுத்த ஒருவரும் இல்லை.

"தீயணைப்புக்குச் சொல்லணும். கீழ ரிசப்ஷன்ல போன் இருக்கும். வா."

"இரு, இரு. ஒரு நிமிஷம் யோசி." அவன் அவள் கையைப் பிடித்தான். "ஒண்ணும் ஆகாம இருந்தா? கதவ உடைச்சு உள்ள போவாங்க. ஊர் பூரா பரவிடும். இதையெல்லாம் நம்பி வாங்கலாமான்னு எழுதுறவன் நான். ஜனங்க என்னக் கேட்டுட்டுத்தான் வாங்குறாங்க, கிர்சி. சிரிப்பா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்" என்று கையை உதறிக்கொண்டு ஓடினாள். பெட்டியும் பின்னால் ஓடியது.

ரிசப்ஷனில் குன்வோர் என்று பெயர்ப்பட்டை போட்ட ஒரு பெண். கிர்சி மூச்சு வாங்கச் சொன்னதை ஒரு தடவை கேட்டாள். உடனே கப்பலின் சாட்டிலைட் போனை எடுத்து அவசர எண்ணை அழைத்துக் கையில் கொடுத்தாள்.

"புகை வருதா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"தெரியாது."

"வீட்டுல யார் இருக்காங்க?"

"என் பொண்ணு. தூங்குறா."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"கப்பல்ல." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "நடுக் கடல்ல. ஒண்ணும் பண்ண முடியல. கதவு எங்க விரலுக்குத்தான் திறக்கும். உடைச்சிடுங்க. தயவுசெஞ்சு உடைச்சிடுங்க."

வண்டி கிளம்பிவிட்டது, தகவல் தெரிந்ததும் கப்பலுக்குச் சொல்கிறோம் என்று போனை வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

வெளியே கடல் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது. கப்பல் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. திருப்பச் சொல்ல முடியாது, இறங்க முடியாது. மேலே நடன அறையில் ஒரு பழைய டாங்கோவை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வயசான இரண்டு ஜோடிகள் ஆடுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கிர்சி ரிசப்ஷனுக்கு முன்னால் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்தாள். அவள் நடந்தால் பெட்டி நடந்தது. நின்றால் நின்றது. ஒரு குழந்தை அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. பட்டையைக் கழற்ற வேண்டும் என்று கிர்சிக்குத் தோன்றவே இல்லை.

"அங்க ஏன் போட்ட?" ஆர்ட்டோ சோபாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கொடி இல்லையா? பால்கனி இல்லையா? அடுப்பு மேலயா போடுவாங்க?"

"கல்யாணம் ஆன நாளா அங்கதான் போடுறேன். ஒரு நாளும் அது தானாப் பத்திக்கல."

அவன் குனிந்துகொண்டான். சண்டை போடக்கூட இருவருக்கும் தெம்பில்லை. பிறகு அவன் வேறு குரலில் கேட்டான்:

"சவுனாவுல உன்கிட்ட ஏதோ சொல்றேன்னாளாமே, என்ன அது?"

"தெரியாது. அதக் கேக்கத்தான் நான் வீட்டுல இருந்திருக்கணும்."

"நான்தான் உன்ன இழுத்துட்டு வந்தேன்."

"நான்தான் வந்தேன்" என்றாள் கிர்சி. அது உண்மை. வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமே என்று வந்தாள். பிள்ளை இன்றைக்குச் சொன்னால் என்ன, நாளைக்குச் சொன்னால் என்ன என்று நினைத்தாள்.

குன்வோர் எழுந்து நின்று கையைக் காட்டினாள். போன்.

"தீயணைப்புலேர்ந்து பேசுறேன். கதவ உடைச்சு உள்ள வந்துட்டோம்" என்றது ஒரு ஆண்குரல். பின்னால் பூட்ஸ் சத்தம். "பயப்படாதீங்க. தீ இல்ல."

கிர்சி மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"சவுனாவுல புகை நாத்தம் இருக்கு. ஒரு போர்வை, ஒரு பக்கம் நல்லாக் கருகியிருக்கு. ஆனா அத யாரோ எடுத்துக் குளியலறையில போட்டுத் தண்ணிய ஊத்தியிருக்காங்க. அடுப்போட ஃபியூஸயும் இறக்கியிருக்காங்க. தெளிவா வேலை பண்ணியிருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா சுவர் பிடிச்சிருக்கும்."

"ஈரிஸ். என் பொண்ணு. அவகிட்டக் குடுங்க போன."

"வீட்டுல யாருமே இல்லீங்களே."

"தூங்கிட்டிருப்பா. சின்ன ரூம்ல. சரியாப் பாருங்க."

"எல்லா ரூமும் பார்த்தாச்சு. கட்டில் காலி."

"அங்க ரெண்டு பெட்டி இருக்கும். ஒண்ணு மஞ்சள் கலர். கட்டில் பக்கத்துல."

மறுமுனையில் காலடிகள் நடந்து போய்த் திரும்பி வந்தன. அந்த ஆள் நல்ல மனுஷன், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"பெட்டி எதுவும் இல்லீங்க."

உயிரோடு இருக்கிறாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிர்சி உட்கார்ந்தாள். அழுதாள். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், புகையில் எழுந்து இருமிக்கொண்டு தன் கையாலேயே எல்லாவற்றையும் அணைத்திருக்கிறாள், பிறகு பெட்டியைக் கட்டியிருக்கிறாள். எங்கே போயிருப்பாள்? குன்வோர் ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். ஈரிஸின் எண்ணுக்கு அதே போனில் அழைத்துப் பார்த்தார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"நான் சூடு பண்ணினேன், அவ கிளம்பிட்டா" என்று ஆர்ட்டோ முணுமுணுத்தான். "வெளிய போன்னு சொல்றேன்னு நினைச்சுட்டாளோ என்னமோ."

அவனுக்கு ஆறுதல் சொல்லக் கிர்சிக்கு ஆசை வரவில்லை.

ஸ்வீடன் கரையின் முதல் தீவுகள், சிவப்புச் சாயம் பூசிய வீடுகளோடு, வெகுநேரத்துக்கு அப்புறம்தான் தெரிந்தன. ஆர்ட்டோவின் செல் அதிர்ந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. "உங்கள் சவுனா தயார். இனிய குளியல்!" "வீட்டில் லேசான புகை தெரிகிறது. அலாரம் ஒலிக்கட்டுமா?" அதே கேள்வி மறுபடி, மறுபடி. பதிலுக்காக அத்தனை நேரமும் காத்திருந்திருக்கிறது. கேட்ட ரகசியக் குறியீடு. பிறகு கடைசியாக வாசல்மணியிலிருந்து ஒன்று.

"உங்களுக்காக ஒருவர் செய்தி விட்டுச் சென்றிருக்கிறார்."

"அவதான்!" ஆர்ட்டோ கத்தினான். "கிர்சி, அவதான்! மணிகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கா! நான் சொல்லிக் குடுத்தது ஞாபகம் வெச்சிருக்கா பாரு!" அவன் கண் கலங்கியிருந்தது. இருவரும் தலையோடு தலை முட்ட அந்தச் சின்னத் திரையில் குனிந்தார்கள்.

ஈரிஸ் வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். கோட்டு போட்டிருந்தாள். ஒரு பக்கச் சட்டைக் கை நனைந்து மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. காலடியில் மஞ்சள் பெட்டியும் மற்றதும். பட்டனை அமுக்கினாள். நேராக அவர்களைப் பார்த்து வாய் திறந்தாள். முதல் வார்த்தை கிர்சிக்குத் தெரிந்தது. அம்மா.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தம் வை."

"வெச்சுத்தான் இருக்கு." ஆர்ட்டோ பட்டனை அழுத்திப் பார்த்தான். செல்லைக் காதில் வைத்துப் பார்த்தான். "ஏன் வரல? நல்லாத்தானே இருந்துது? என்ன ஆச்சு இதுக்கு?"

கிர்சிக்குத் தெரியும் என்ன ஆயிற்று என்று. ஹன்னலேயின் கத்தல் காதில் கேட்டது. தன் கட்டைவிரல் அந்தப் பேச்சுப் பதிவை அணைத்தது கண்ணில் தெரிந்தது.

"நான்தான் அணைச்சேன்" என்றாள்.

திரையில் ஈரிஸ் பேசிக்கொண்டே இருந்தாள். வாசல்மணியிடம் அவ்வளவு பேசுவாள் என்று யார் நினைத்தார்கள்? வீட்டுக்கு வந்து அத்தனை நாளில் மொத்தமாகப் பேசியதைவிட அதிகம். நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு தடவை சிரித்தாள். வயிற்றின்மேல் ஒரு கை வைத்து ஏதோ சொன்னாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். கேள்விதான், முகம் அப்படி இருந்தது. கேட்டுவிட்டுச் சற்று நேரம் மணியையே பார்த்தபடி நின்றாள்.

மணி பதிலுக்குப் பச்சை விளக்கைக் காட்டியது. பேச்சு வந்தாலும் வராவிட்டாலும் அது காட்டும். அந்தப் பச்சை அவளுடைய கன்னத்தில் லேசாக விழுவது திரையில் தெரிந்தது. அவள் நிம்மதியாகத் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு படியில் இறங்கிப் போனாள்.

படம் நின்றது. காலியான வாசல்.

ஆர்ட்டோ மறுபடி முதலிலிருந்து ஓட்டினான். மறுபடியும் அதே ஊமைப் படம். கிர்சி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு" என்றாள். "நாம கேட்டுட்டோம்னு நினைச்சுக்கிட்டுப் போயிருக்கா. எங்கயோ உட்கார்ந்து நம்ம பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கா."